குளத்தடியில் என்ன பிழை? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் ஒழுங்கையில் இருபத்திரண்டு வீடுகள். ஒரு பக்கம் குளம், மறுபக்கம் பனங்கூடல். சனசமூக நிலையத்தில் நான் செயலாளராக இருந்த ஆண்டுகளில் என் படலையைத் தட்டியவர்கள் அநேகமாக ஒரு முறைப்பாட்டோடுதான் வந்தார்கள். "அண்ணை, குளம் நாறுது." "தம்பி, கிணறு சவராப் போச்சு, ஒரே உப்பு." "வெள்ளம் குசினிக்குள்ள வந்திட்டுது, ஒருக்கா வந்து பாருங்கோ." தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: ஆட்களைச் சேர்த்துக் குளத்தைத் துப்புரவாக்குவது. அது பல தடவை பிழைத்தது. நோய் குளத்தில் தெரியும். காரணம் பெரும்பாலும் யாருடைய வளவுக்குள்ளோ, வடிகானுக்குள்ளோ, மதில் அடியிலோ இருக்கும். அதனால் இப்போது மண்வெட்டியை எடுக்க முன்னர் அறிகுறியைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்திருங்கள். யாழ் குடாநாட்டில் ஆறில்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடலேரியில் சேர்ந்துவிடும். நாங்கள் குடிப்பது மழைத் தண்ணீர். அது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. குளம் அந்த மழையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல உள்ளே விடுகிறது. குளத்தில் நீங்கள் செய்வது எதுவும் உங்கள் கிணற்றில் வந்து முடியும்.

கையில் இருக்கவேண்டியவை அதிகமில்லை: அடியும் அங்குலமும் குறித்து குளத்துக்குள் நட்ட ஒரு தடி, இரண்டு கண்ணாடிப் போத்தல்கள், ஒரு கொப்பி. கொப்பியில் கிழமைக்கு ஒருமுறை குளத்து மட்டத்தையும் ஏதாவது மூன்று கிணறுகளின் மட்டத்தையும் எழுதுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் எழுதிவிட்டால், பாதி முறைப்பாட்டுக்குப் பதில் அந்தக் கொப்பியிலேயே இருக்கும்.

மாரியில் நிரம்பிய குளம் தை மாதமே இறங்கத் தொடங்குகிறது

பதறவேண்டாம். முதலில் வாளிச் சோதனை செய்யுங்கள். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, குளத்துப் படிக்கட்டில் வாளியின் கழுத்தளவுக்குத் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். அசையாமல் இருக்க அடியில் ஒரு கல் போடுங்கள். வாளிக்கு உள்ளும் வெளியும் மட்டத்தைக் குறித்து, மூன்று நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரேயளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்தது. எங்கள் கோடையில் நாளுக்கு 5 அல்லது 6 மில்லிமீற்றர் அப்படிப் போகும். வாளிக்கு வெளியே அதைவிடக் கூடுதலாக இறங்கியிருந்தால் மிச்சம் நிலத்துக்குள் போகிறது.

நிலத்துக்குள் போவது பிழையல்ல. குளம் வெட்டியதே அதற்காகத்தான். கொப்பியைத் திறந்து பாருங்கள். குளம் இறங்கும்போது பக்கத்துக் கிணறுகள் மட்டம் தளராமல் நின்றால் குளம் தன் வேலையைச் செய்கிறது, விட்டுவிடுங்கள். குளமும் இறங்கி கிணறுகளும் அதே வேகத்தில் இறங்கினால், யாரோ பெரிய மோட்டர் வைத்து இறைக்கிறார்கள். அல்லது துரிசு, அதாவது குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் கதவு, சரியாக மூடப்படவில்லை. துரிசின் வெளிப்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று காலையில் போய்ப் பாருங்கள். ஒரே இரவில் அரை அடி ஒரு அடி என்று இறங்கினால் அடியில் எங்கோ கல் வெடித்துத் துவாரம் விழுந்திருக்கலாம். தண்ணீர் சுழித்துப் போகும் இடம் கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்துக்குப் பிள்ளைகளை விடாதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். கயிறு கட்டி எல்லை போட்டுவிட்டு, குளம் எந்த அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கிறதோ அங்கே அன்றைக்கே சொல்லுங்கள்.

எங்கள் குளத்தில் நாங்கள் செய்த பெரிய பிழையும் இந்த இடத்தில்தான். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் காசு சேர்த்து அனுப்பினார்கள். நல்ல மனதோடு வந்த காசு. "ஆழமாக்கினால் கூடத் தண்ணீர் நிற்கும்" என்று நான்தான் கூட்டத்தில் பேசினேன். பெக்கோ இயந்திரம் வந்தது. மூன்று நாளில் கறுப்பு வண்டல் முழுவதும் வெளியே போய், அதற்குக் கீழே இருந்த களியும் போய், நடுக்குளத்தில் வெள்ளைக் கல் தெரிந்தது. எல்லோரும் படம் எடுத்தோம். அடுத்த மாரியில் குளம் நிரம்பியது, ஆனால் மார்கழி முடிய முன்னரே பாதியாகிவிட்டது. வடக்குக் கரை வீடுகளின் கிணறுகள் கலங்கி, இரண்டு கிழமைக்கு மேல் தெளியவில்லை. களிப்படை இருந்தவரை தண்ணீர் வடிந்துதான் கீழே போனது. அதை நாங்களே சுரண்டி எடுத்தபின் வடிகட்டி இல்லாத வழியில் கலங்கல் நேரே கிணற்றுக்குப் போய்விட்டது. பிறகு களிமண் கொண்டுவந்து பரவி, மாடுகளை நடக்கவிட்டு இறுக்கினோம். இன்னும் முழுதாகச் சரிவரவில்லை.

ஆகவே தூர்வாரும்போது கறுப்பு வண்டலை மட்டும் எடுங்கள். நிறம் மாறிப் பிசுபிசுப்பான களி தெரிந்தவுடன் நிறுத்துங்கள். வேலை நடக்கும்போது ஒருவர் கட்டாயம் பக்கத்தில் நிற்கவேண்டும். வண்டலை எறியவேண்டாம், முன்னைய காலத்தில் தோட்டக்காரர் வண்டில் கட்டி வந்து ஏற்றிப்போன பசளை அது.

இதோடு சேர்த்து ஒரு வேண்டுகோள். குளத்தை அழகாக்குவதென்று சுற்றிவரச் சீமெந்துச் சுவர் எழுப்பி, கல் பதித்து நடைபாதை போடும் திட்டம் உங்கள் ஊருக்கு வந்தால், மழைத் தண்ணீர் எந்த வழியால் உள்ளே வரும் என்று முதலில் கேளுங்கள். வாய்க்காலுக்கு வாசல் விடாத சுவரை நான் ஏற்கமாட்டேன். நடக்க இடம் வேண்டும்தான். குளக்கட்டில் மருதும் பூவரசும் நட்டு, மண்பாதை விட்டாலே பின்னேரத்தில் வயதானவர்கள் வந்து இருப்பார்கள்.

விடியப்புறம் மீன் மேலே வந்து வாய் திறக்கிறது, அல்லது செத்து மிதக்கிறது

நேரத்தைக் கவனியுங்கள். காலை ஆறு மணிக்கு மீன்கள் மேலே வந்து அவதிப்பட்டு, பத்து மணிக்குப் பிறகு கீழே போய்விட்டால் தண்ணீரில் பிராணவாயு குறைவு. பச்சைப் பாசி பகலில் வெயிலை வாங்கி பிராணவாயுவைத் தருகிறது. இரவில் தானே அதை எடுத்துக்கொள்கிறது. பாசி கூடிய குளத்தில் விடியப்புறம்தான் ஆக மோசமான நேரம். மூன்று நாள் வானம் மூடமாக இருந்தாலும், முதல் மழை ஒழுங்கைக் குப்பையையும் சாணத்தையும் ஒரேயடியாக அடித்துக்கொண்டு வந்தாலும் இதே நிலைதான்.

அடுத்து, எந்த மீன் செத்திருக்கிறது என்று பாருங்கள். விரால் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும். திலாப்பியா மட்டும் செத்து விரால் உயிரோடு இருந்தால் பிராணவாயுக் குறைவு என்று அநேகமாக முடிவெடுக்கலாம். விராலும் செத்து, தவளையும் தண்ணீர்ப் பாம்பும் சேர்ந்து கிடந்தால் நஞ்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து கலந்த கலனைக் குளத்தில் கழுவியிருக்கலாம், மோட்டர் எண்ணெய் ஊற்றியிருக்கலாம். அப்போது அந்த மீனை ஒருவரும் எடுக்கக்கூடாது, மாடு இறக்கக்கூடாது. ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்து, நாளும் நேரமும் எழுதி ஒட்டி, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தகவல் கொடுங்கள். எடுத்த போத்தலைக் குளிரான இடத்தில் வையுங்கள்.

பிராணவாயுக் குறைவு என்றால் உடன் செய்யக்கூடியது: ஒரு நீரிறைக்கும் மோட்டரைக் கரையில் வைத்து, குளத்துத் தண்ணீரை எடுத்துக் குளத்துக்கே மழைபோல விசிறி அடியுங்கள். விடியப்புறம் மூன்று மணிக்குத் தொடங்கினால்தான் பயன். செத்த மீனை அன்றைக்கே அள்ளி, கிணறுகளுக்கு எட்டத்தில் ஆழமாகப் புதையுங்கள். குளத்துக்குள் சுண்ணாம்பும் குளோரின் தூளும் கொட்டாதீர்கள். மிச்சமிருக்கும் மீனும் போய்விடும்.

பாசி ஏன் கூடியது என்பதற்கு ஒழுங்கையில் நடந்துதான் பதில் காணவேண்டும். குசினித் தண்ணீர், உடுப்புத் தோய்த்த சவர்க்காரத் தண்ணீர், மாட்டுக் கொட்டில் கழுவிய தண்ணீர், தோட்டத்து உரம் என்று எது கானில் இறங்கினாலும் பாசிக்கு அது சாப்பாடு. குழாயைக் கானுக்கு விட்ட வீட்டில் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தத் தண்ணீரை வளவுக்குள்ளேயே வாழைப் பாத்திக்குத் திருப்ப ஒரு பின்னேர வேலை போதும். நாங்கள் நாலு வீட்டில் போய் நின்று அந்தப் பாத்தியை வெட்டிக் கொடுத்தோம். வாழைக்குலை விழுந்த பிறகு ஐந்தாவது வீட்டு மாமி தானே கூப்பிட்டா.

ஆகாயத்தாமரை மூடிவிட்டது

பூக்க முன்னர் எடுங்கள். நல்ல சத்துள்ள தண்ணீரில் இரண்டு கிழமையில் இரண்டு மடங்காகும் செடி இது. இலங்கையில் இதற்கென்றே 1909 ஆம் ஆண்டில் சட்டம் போட்டார்கள். கரையிலிருந்து கொக்கத்தடியால் இழுத்து, கடகத்தில் அள்ளி, குளக்கட்டுக்கு அப்பால் வெயிலில் காயவிடுங்கள். கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே போகும். மருந்தடிப்பது கூடாது, செத்த செடி அடியில் அழுகி, முன்னே சொன்ன மீன் பிரச்சினை வரும். ஒரே தடவையில் முடியும் வேலையும் அல்ல. தாமரையையும் அல்லியையும் சேர்த்துப் பிடுங்கிவிடாதீர்கள், அவை இருக்கட்டும்.

கிணறு சவராகிறது

முதற் கேள்வி: உங்கள் கிணறு மட்டுமா, அயலட்டைக் கிணறுகளுமா?

உங்கள் கிணறு மட்டும் என்றால் காரணம் உங்கள் மோட்டர். உவர்நீருக்கு மேல் மிதக்கும் நன்னீருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே ஒரு அடியை இழுத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி மேலே ஏறப் பார்க்கும். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊறவும் நேரம் கிடைத்தது, இறைப்பவருக்கும் களைப்பு வந்தது. மோட்டருக்குக் களைப்பில்லை. இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து ஓடவிட்டால் கிணற்றுக்கு நேர் கீழே உவர்நீர் கூம்பாக எழும்பி வந்துவிடும்.

செய்யவேண்டியது: மோட்டரைக் காலையில் இருபது நிமிடம், பின்னேரம் இருபது நிமிடம் என்று பிரித்து ஓடவிட்டு மேல்தொட்டியை நிரப்புங்கள். உறிஞ்சு குழாயின் வாயை அடியிலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்திக் கட்டுங்கள். என்ன வந்தாலும் கிணற்றை ஆழமாக்காதீர்கள். தண்ணீர் குறைந்தவுடன் "இன்னும் நாலு அடி வெட்டுவம்" என்று சொல்லத்தான் தோன்றும். அந்த நாலு அடியும் உவர்நீரை நோக்கித்தான் போகிறது. நடந்து பார்த்துச் சொல்கிறேன், எங்கள் பகுதியில் அப்படி ஆழமாக்கிய கிணறு ஒன்றில் இன்று உடுப்புக்கூடத் தோய்க்க முடியாது.

அயல் கிணறுகள் எல்லாம் சவராகின்றன என்றால் குளத்துக்கு வரும் தண்ணீர் குறைந்துவிட்டது. வாய்க்காலைப் பின்னோக்கி நடந்து போங்கள். எங்கேயோ ஒரு மதில், ஒரு புதுக் கட்டடத்தின் நிரவல் மண், அடைபட்ட ஒரு மதகு இருக்கும். அதைத் திறப்பதுதான் வைத்தியம். அதோடு வீட்டுக் கூரைத் தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 2,300 லீற்றர். அதைப் பீலி வைத்து இறக்கி, கல்லும் மணலும் போட்ட குழியில் விடுங்கள். கிணற்றுக்குள் நேரே விடவேண்டாம். கூரையில் காகத்தின் எச்சமும் பூனையின் எச்சமும் இருக்கும்.

நாக்குக்குத் தெரியாத பிழையும் ஒன்று உண்டு. தண்ணீர் தெளிவாக, ருசியாக இருக்கும், ஆனால் நைத்திரேற்று கூடியிருக்கும். தோட்ட உரமும் மலக்குழியும் கிணற்றோடு பேசிக்கொள்ளும் மண் எங்களுடையது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீரைப் பாவிக்கக்கூடாது. குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தாலும் போகாது, வற்றும்போது இன்னும் கூடும். வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறதென்றால் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடி விடவேண்டும் என்பார்கள். இரண்டு பரப்புச் சின்னக் காணியில் வீடும் கட்டிக் கிணறும் வெட்டினால் பக்கத்து வளவின் குழி எங்கே என்றும் பார்க்கத்தான் வேண்டும். வெடிப்புள்ள கல்லில் ஐம்பது அடியும் முழுக் காவல் அல்ல. அடிப்பாகம் மூடிக் கட்டிய தொட்டி வைத்து, அதிலிருந்து வடிவதை ஆழமில்லாத பாத்தியில் விடுவது நல்லது.

மழைக்கு வீட்டுக்குள் வெள்ளம்

2008 இல் நிஷா புயல் வந்தபோது நாங்கள் எல்லோரும் பாடசாலை மண்டபத்தில் இருந்தோம். 2020 மார்கழியில் புரெவி வந்தபோது, காற்று அவ்வளவு இல்லாமலே எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இரண்டுக்கும் இடையில் ஒழுங்கையில் மாறியது என்னவென்று யோசித்துப் பார்த்தால், வேலிதான். பனையோலை வேலியும் கிளுவைக் கதியாலும் இருந்த இடமெல்லாம் மதில் வந்துவிட்டது. வேலி தண்ணீரை விட்டது. மதில் விடாது. தெருவும் தார் மேல் தார் போட்டு உயர்ந்து, வளவுகள் பள்ளமாகிவிட்டன.

தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பாருங்கள். தெருப் பக்கத்தால் வந்தால் மதகு அல்லது கான் அடைபட்டிருக்கிறது. குளத்துப் பக்கத்தால் வந்தால் நிரம்பிய குளத்தின் மிச்சத் தண்ணீர் வான் பாயும் வழி மறித்திருக்கிறது. இரண்டும் இல்லாமல் நிலமே ஊறி, சீமெந்து நிலத்தின் மூலையில் ஈரம் பூத்து, கிணறு வாய் முட்ட நின்றால் நிலத்தடி நீர் எழும்பியிருக்கிறது. அதற்கு வெட்டி விட ஒரு வழியும் இல்லை. அரிசி, பிள்ளைகளின் புத்தகம், காணி உறுதி எல்லாவற்றையும் மேலே ஏற்றி, மின்சாரத்தை நிறுத்தி, மழை விடக் காத்திருங்கள்.

மதகு என்றால் யாரிடம் எழுதுவது என்பதில்தான் பலர் மாதங்களைத் தொலைக்கிறார்கள். உள் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ உரியவை. பெரிய நெடுஞ்சாலைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. இடைப்பட்ட வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. எந்த வீதி எவருடையது என்று கிராம அலுவலரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். கடிதத்தோடு மழை நேரத்தில் எடுத்த படத்தை வையுங்கள். கோடையில் எடுத்த படத்தில் மதகு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

மதில் விடயம் கடிதத்தால் தீராது. ஐப்பசி முதல் மழைக்குக் குடையோடு போய், தண்ணீர் ஓடும் வழியைப் பார்த்துச் சுவர்களில் சுண்ணாம்பால் குறியிடுங்கள். குறி விழுந்த இடத்தில் மதில் அடியில் ஒரு அடி அகலத்தில் துவாரம் விட்டுக் கம்பி போட்டால் நாயும் வராது, தண்ணீரும் நிற்காது. எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் புது மதிலில் துவாரம் விட மறுத்தார்.

"என்ர காணிக்குள்ளால ஊர்த் தண்ணி போகவேணுமோ தம்பி?"

"போய்க்கொண்டுதான் ஐயா இருந்தது. நீங்கள் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை அதில கப்பல் விட்டனீங்கள் என்று அம்மா சொல்லுறவா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை மேசன் வந்து நின்றார்.

குளத்து எல்லைக்குள்ளேயே யாராவது மண் போட்டு நிரவினால் பேச்சில் நிறுத்தவேண்டாம். கமநல சேவை நிலையத்தின் பட்டியலில் உள்ள குளம் என்றால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அதற்குக் காவல். நில அளவைப் படத்தின் பிரதியோடு எழுத்தில் கொடுங்கள்.

வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்து, குளோரின் போட்ட பிறகே குடியுங்கள். அளவைப் பரிசோதகர் சொல்லுவார். கிணற்றின் விட்டமும் தண்ணீரின் ஆழமும் அவர் கேட்பார், அளந்து வைத்திருங்கள்.

நுளம்பு

கடிக்கும் நேரத்தைக் கேளுங்கள். பகலில் கடித்தால் அது டெங்கு நுளம்பு. குளத்தைக் குறை சொல்லாதீர்கள். சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு என்று உங்கள் வளவுக்குள் தேடுங்கள். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் எடுக்கும், ஆகவே ஞாயிறுதோறும் ஒருமுறை பார்த்தால் போதும். பொழுதுபட்ட பிறகு கடித்தால் தேங்கிய கானைப் பாருங்கள். பாவிக்காத கிணறுகளையும் மறக்கவேண்டாம். 2016 இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு கிணற்றில் முட்டையிடும் புதிய வகை மலேரியா நுளம்பு ஒன்று மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வலை கட்டுங்கள், அல்லது நாலு கப்பி மீன் விடுங்கள். ஆளில்லா வளவின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்கு வெளிநாட்டிலிருந்தே ஒரு வைபர் அழைப்பு வரச் செய்யுங்கள். அது கடிதத்தைவிட வேகம்.

சிரமதானத்துக்கு ஆள் வருவதில்லை

இதையும் ஒரு பிழையாகவே பார்த்துக் காரணம் தேடவேண்டும். "சனத்துக்கு அக்கறையில்லை" என்று முடித்துவிடுவது அநியாயம். எங்கள் ஒழுங்கையில் விசாரித்தபோது காரணங்கள் சாதாரணமாக இருந்தன. காலை ஏழு மணி பிள்ளைகளின் ரியூசன் நேரம். பெண்களுக்கு என்ன வேலை என்று எவரும் சொல்லவில்லை. போன தடவை சேர்த்த காசுக்குக் கணக்கு ஒட்டவில்லை. மூன்றாவதுதான் முக்கியமானது, அது எங்கள் பிழை. இப்போது வேலை முடிந்த அன்று பின்னேரமே கணக்கை நிலையத்துப் பலகையில் ஒட்டுகிறோம், தேநீருக்கு வாங்கிய சீனி உட்பட.

வேலையையும் சிறிதாக்கினோம். முழுக்குளமும் ஒரே நாளில் என்பதை விட்டு, ஒரு மதகு, இருபது அடிக் கரை, இரண்டு மணித்தியாலம். முதல் முறை ஒன்பது பேர். மூன்றாம் முறை இருபத்தாறு பேர், அதில் நாலு பேர் அடுத்த ஒழுங்கைக்காரர்.

அடுத்தது புரட்டாதி முதல் ஞாயிறு, பின்னேரம் நாலு மணி, கிழக்கு மதகு. மண்வெட்டி நிலையத்தில் இருக்கிறது. கடகம் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள்.